பள்ளிப் பட்டறையில் ‘கவனமா இரு’ மட்டும் போதாது

இரும்பைச் சுழற்றிக் கடையும் லேத் மெஷின். அதில் இரும்பைக் கவ்விச் சுழலும் மூன்று தாடை சக்கில் கம்பியை வைத்து இறுக்கினேன். பின்னாலிருந்து ஒருவன் கூப்பிட்டான். அவனுக்குப் பதில் சொல்லிவிட்டு, திரும்பிய கையோடு சுவிட்சைப் போட்டேன். சக்கை இறுக்கும் சாவி, சக் கீ, சக்கிலேயே இருந்தது.

டங்கென்று ஒரு சத்தம். அடுத்துப் பார்த்தபோது சாவி எதிர்ச் சுவரின் காரையைப் பெயர்த்துவிட்டுத் தரையில் கிடந்தது. அது பறந்த வழியிலிருந்து ஒரு முழம் தள்ளி, பொருளைக் கவ்விப் பிடிக்கும் வைஸில் இரும்புத் துண்டை வைத்து ராவிக்கொண்டிருந்தவனின் தலை. அவன் அரத்தைக் கையில் பிடித்தபடியே அப்படியே நின்றான். சார் ஓடிவந்தார். அடிக்கவில்லை. “கவனமா இருக்க மாட்டியாடா?” என்று மட்டும் கேட்டார். அவர் குரல் நடுங்கியது.

அது 1980களின் நடுப்பகுதி. கடலூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியின் தொழிற்பிரிவு. 1978இல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்தபோதே கூடவே வந்த பிரிவு அது. பின்னாளில் நானும் கடலூரிலும் புதுச்சேரியிலுமாகப் பட்டறை வகுப்பு எடுக்கப் போனேன். முதல் சில ஆண்டுகள் அதே வாக்கியத்தைத்தான் நானும் ஒரு நாளைக்கு இருபது முறை சொன்னேன். ‘கவனமா இரு.’ சொன்னதால் ஒரு விரல் காப்பாற்றப்பட்டதாக எனக்கு நினைவில்லை. விபத்தைத் தடுத்ததெல்லாம் வேறு. ஒரு சாதாரண ஸ்பிரிங், தரையில் அடித்த ஒரு மஞ்சள் கோடு, கழன்றுவிடும் ஒரு கிளிப், பச்சை சிவப்புப் பொத்தான் வைத்த ஒரு ஸ்டார்ட்டர். ஏன் அப்படி என்பதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பிளஸ் ஒன் பிள்ளைகளே போடக்கூடிய கணக்கு. லேத் நிமிடத்துக்கு 600 சுற்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பெரிய வேகம் ஒன்றுமில்லை. அதாவது விநாடிக்கு 10 சுற்று. சக்கில் 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள கம்பி இருந்தால் அதன் சுற்றளவு சுமார் 16 சென்டிமீட்டர். அதில் சட்டைக் கையின் நுனி ஒட்டிக்கொண்டால், விநாடிக்கு ஒன்றரை மீட்டருக்கும் மேல் துணியைச் சுற்றி இழுக்கும். ஏதோ நடக்கிறது என்று கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கை அசையத் தொடங்கவே கால் விநாடி ஆகும். அந்தக் கால் விநாடியில் ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் துணி சுற்றப்பட்டிருக்கும். மணிக்கட்டிலிருந்து முழங்கை தாண்டிய தூரம் அது. இன்னொரு கை சுவிட்சைத் தேடி அமுக்க, வேகமானவனுக்கே இன்னும் அரை விநாடி வேண்டும். அமுக்கினாலும் சக் உடனே நிற்காது, தன் எடையின் வேகத்தில் இன்னும் சில சுற்று ஓடித்தான் நிற்கும்.

இழுவைக்கு எதிராக நின்று தாக்குப்பிடிக்கலாம் என்ற எண்ணமும் பையன்களிடம் உண்டு. வளர்ந்த ஓர் ஆள் சலிக்காமல் தொடர்ந்து செய்யக்கூடிய உடல் வேலை, ஒரு குதிரைத் திறனில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். பள்ளி லேத்தின் மோட்டார் ஒன்று, இரண்டு குதிரைத் திறன். கபடியில் மாவட்ட அளவில் ஆடுகிறவனாக இருந்தாலும் இந்தப் போட்டியில் அவன் பக்கம் ஒன்றுமில்லை.

ஆக, கவனம் என்பது துணி ஒட்டிக்கொள்வதற்கு முன்னால்தான் பயன்படும். ஒட்டிய பிறகு அதற்கு நேரமே கிடையாது. அப்படியென்றால் ஒட்டிக்கொள்ளக்கூடிய எதுவும் உடம்பில் இல்லாமல் பட்டறைக்குள் வருவதுதான் முதல் வேலை. கேட்க எளிது. நம் ஊர்ப் பிள்ளைகளிடம் அது எவ்வளவு சிக்கலான விஷயம் என்பது அவர்களோடு பழகியவர்களுக்குத்தான் தெரியும்.

முழுக்கைச் சட்டையை முழங்கைக்கு மேல் மடித்துவிடுங்கள் என்றால் மடித்துவிடுவார்கள். ஆனால் வெளிப்பக்கமாக மடித்தால் அந்த மடிப்பே ஒரு பை மாதிரி தொங்கும், கடையும்போது வரும் இரும்புச் சுருளும் அதில் விழும், சிக்கவும் செய்யும். உள்பக்கமாக மடிக்க வேண்டும். சட்டையைப் பேண்ட்டுக்குள் விட வேண்டும். அடுத்தது கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை. பள்ளியே கட்டாயமாக மாட்டச் சொல்லும் டேக் அது. லேத்தில் அளவு பார்க்கக் குனியும்போது, அது நேராகச் சுழலும் கம்பியின் மேல்தான் தொங்கும். கழுத்தைச் சுற்றிய ஒரு பலமான நாடா, சுழலும் இரும்பின் மேல்! பட்டறைக் கதவுப் பக்கத்தில் ஆணி அடித்து, எல்லா டேக்கையும் அங்கே மாட்டிவிட்டு உள்ளே போக வைப்பது நல்லது. இழுத்தால் கழன்றுவிடும் கிளிப் வைத்த டேக்கும் கடைகளில் கிடைக்கிறது. பள்ளி மொத்தமாக வாங்கும்போது அதைக் கேட்டு வாங்கலாம்.

பெண் பிள்ளைகளுக்குத் துப்பட்டாவும் பின்னலும். துப்பட்டாவுக்குப் பதில் மேல்கோட்டு கொடுத்துவிட்டால் ஒரு பிரச்சினை தீர்ந்தது. பின்னலை மடித்துக் கட்டிக் கொண்டை போட்டு மேலே தொப்பி போட வேண்டும். டிரில்லிங் மெஷினில் இது மிகவும் முக்கியம், ஏனென்றால் அங்கே சுழலும் பகுதி முகத்துக்கு நேரே இருக்கிறது. துளை சரியாக விழுகிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்ப்பது மனித இயல்பு. முடி நெருங்குவதும் அப்போதுதான்.

இதைவிடக் கடினம் கையில் கட்டிய கயிறு. பாடலீஸ்வரர் கோயிலில் கட்டியது, திருவந்திபுரத்தில் கட்டியது, தர்காவில் மந்திரித்தது, பாட்டி கட்டிவிட்டது என்று ஒரு கையில் நாலு கயிறு இருக்கும். அதோடு ஒரு காப்பு, ஒரு மோதிரம். “அறுத்துப் போடு” என்று நான் ஒரு பையனிடம் கத்திவிட்டேன். மறுநாள் அவன் அம்மா வந்து நின்றார். “அவனுக்கு மஞ்சக்காமாலை வந்து பிழைச்சப்ப கட்டினது சார்” என்றார். என் தப்பு எனக்கு உறைத்தது. இருவரும் பேசி ஒரு வழி கண்டோம். கயிறு இடுப்புக்குப் போனது, சட்டைக்கு உள்ளே. அந்த ஆண்டு முழுக்க வேறு பெற்றோர்களிடமும் அதையே சொன்னேன். ஒருவர்கூட மறுக்கவில்லை. காரணத்தைச் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். மோதிரத்துக்கும் காப்புக்கும் அந்த இடம் கிடையாது. கழற்றிப் பையில் போட வேண்டியதுதான். மோதிரம் சிக்கினால் விரலின் தோலையே உறை கழற்றுவதுபோல் உரித்துவிடும். மருத்துவர்கள் சரிசெய்ய மிகவும் சிரமப்படும் காயங்களில் அதுவும் ஒன்று.

கார்த்திகை மாதம் வந்தால் மாலை போட்ட பையன்கள் வருவார்கள். கழுத்தில் துளசி மணியோ ருத்திராட்சமோ, காலில் செருப்பு இல்லாமல். விரதத்தில் இருக்கும் பிள்ளையைச் செருப்பு போடு, மாலையைக் கழற்று என்று சொல்வது முறையில்லை. வெறுங்காலோடு இரும்புச் சீவல் கிடக்கும் தரையில் நடக்க விடுவதும் முறையில்லை. அந்த வாரங்களில் அவர்களுக்கு வரைபடம், அளவெடுத்தல், கணக்கு என்று மேசை வேலையை ஒதுக்கி, செய்முறை அட்டவணையைத் தை மாதத்துக்குத் தள்ளிவைத்தோம். முன்கூட்டியே யோசித்தால் ஒருவர் மனதும் நோகாது.

கையுறை பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. வெல்டிங் செய்யும்போது வேண்டும், சூடான, கூரான தகடு தூக்கும்போது வேண்டும். சுழலும் மெஷினில் கூடவே கூடாது. லேத், டிரில் இரண்டிலும் கையுறை நூல் ஒன்று மாட்டினால் கையுறை கிழியாது, கையோடு போகும். பாதுகாப்புச் சாமான் என்று நன்கொடையாகக் கையுறை வாங்கிக் கொடுக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பணத்துக்குக் கண்ணாடி வாங்கித் தரலாம்.

சுழலும் பகுதி சுற்றி இழுக்கும். எதிரெதிராகச் சுழலும் இரண்டு பகுதிகள் உள்ளே இழுக்கும். இரண்டாவதை விளக்க எனக்குக் கரும்புச்சாறு வண்டிதான் பாடப்புத்தகம். நெல்லிக்குப்பம், பண்ருட்டிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கரும்பைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. உருளைகளுக்கு நடுவில் கரும்பின் நுனியை வைத்தால் போதும், மீதியைத் தள்ளவே வேண்டாம், தானாகவே இழுத்துக்கொள்ளும். தொழில் தெரிந்த கடைக்காரர் கடைசித் துண்டைக் கையால் தள்ள மாட்டார், இன்னொரு கரும்பை வைத்துத் தள்ளுவார். மெஷினில் பெல்ட்டும் கப்பியும் சேரும் இடம், பல் சக்கரம் இரண்டு கவ்வும் இடம் எல்லாமே அந்த உருளை மாதிரிதான். அதனால்தான் அவற்றின் மேல் மூடி இருக்கிறது. பெல்ட்டை மாற்றக் கழற்றிய மூடியை நாளைக்கு மாட்டிக்கொள்ளலாம் என்று ஓரமாகச் சாய்த்து வைத்திருப்பதை எத்தனை பட்டறைகளில் பார்த்திருக்கிறேன்! மூடி இல்லாத மெஷினின் மெயினிலிருந்து ஃபியூஸைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொள்ளும் ஆசிரியரைத்தான் நான் நல்ல ஆசிரியர் என்பேன்.

டிரில்லிங் மெஷினில் அதிகம் நடக்கும் விபத்து வேறு மாதிரி. சின்னத் தகட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் கைப்பிடியை இறக்குவார்கள். துளை முழுதாக விழும்வரை ஒன்றும் ஆகாது. டிரில் அடிப்பக்கம் வெளியே வரும் நேரம்தான் ஆபத்து. அதுவரை எதிர்த்து நின்ற உலோகம் அப்போது கொஞ்சமாகத்தான் மிச்சமிருக்கும். டிரில்லின் விளிம்பு அதைக் கடித்துத் தன்னைத் தானே கீழே இழுத்துக்கொள்ளும். தகடு டிரில்லோடு ஒட்டிச் சுழலும். அந்தக் கணத்தில் அது தகடு கிடையாது, நான்கு மூலையும் கூரான மின்விசிறி இறக்கை. மெஷின் வைஸில் இறுக்குவது, வைஸை மேசையோடு போல்ட் போட்டு முடுக்குவது, மெல்லிய தகட்டுக்கு அடியில் பலகை கொடுப்பது, துளை வெளியேறும் நேரத்தில் கைப்பிடியை இலேசாக்குவது. இவ்வளவுதான் செய்ய வேண்டியது. இரண்டு நிமிடம் பிடிக்கும். ஒரே ஒரு துளைக்கு எதற்கு இரண்டு நிமிடம் என்று தோன்றும்போதுதான் கை போகிறது.

சாணைச் சக்கரத்துக்கு வருவோம். 200 மில்லிமீட்டர் சக்கரம் நிமிடத்துக்கு 2800 சுற்று ஓடினால், அதன் விளிம்பு மணிக்கு 105 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் எந்தப் பேருந்தும் அந்த வேகத்தில் போகக் கூடாது. சக்கரமோ பொடியை ஒட்டிச் செய்த கல். விரிசல் விட்டிருந்தால் அந்த வேகத்தில் துண்டு துண்டாகச் சிதறும். புதுச் சக்கரம் மாட்டும் முன் அதை நடுத்துளையில் விரல் விட்டுத் தூக்கி, மரக் கைப்பிடியால் மெல்லத் தட்ட வேண்டும். நல்ல சக்கரம் மணிபோல் ஒலிக்கும், விரிசல் உள்ளது ஓட்டைப் பானைபோல் மந்தமாக ஒலிக்கும். பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து இரண்டு சத்தத்தையும் கேட்க வைத்தால் வாழ்நாளுக்கும் மறக்க மாட்டார்கள். சக்கரத்தில் அச்சிட்டிருக்கும் வேகம் மெஷினின் வேகத்தைவிடக் குறைவாக இருந்தால் மாட்டவே கூடாது. கருவியைச் சாய்த்து வைக்கும் தாங்கிக்கும் சக்கரத்துக்கும் இடைவெளி 3 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. போனால் கருவி அந்த இடைவெளியில் நழுவி விழுந்து சக்கரம் உடையும். சுவிட்ச் போடும்போது நேர் எதிரில் நிற்காமல் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்று, ஒரு நிமிடம் வெறுமனே ஓடவிட வேண்டும். அலுமினியத்தைச் சாதாரணச் சாணையில் தேய்க்கக் கூடாது. அது கல்லின் துவாரங்களை அடைத்து, சூடேற்றி, சக்கரத்தைப் பிளக்க வைக்கும். எங்கள் பிள்ளைகள் வீட்டிலிருந்து அலுமினியக் கரண்டிக் காம்பைச் சீவ எடுத்துவந்த கதைகள் உண்டு.

கண்ணாடி எப்போதும் வேண்டும். பவர் கண்ணாடி போட்டிருப்பவர் அதற்கு மேல் பக்கவாட்டு மறைப்புள்ள கண்ணாடி போட வேண்டும், ஏனென்றால் பொறி பக்கத்திலிருந்தும் வரும். மே மாதத்துக் கடலூர் வெயிலில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, வேர்வையில் கண்ணாடி மங்கும். பிள்ளை கழற்றி நெற்றியில் ஏற்றிக்கொள்வான். அவனைத் திட்டிப் பயனில்லை. சுவரில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனும், கண்ணாடி துடைக்க நல்ல துணியும், இருபது நிமிடத்துக்கு ஒரு முறை தண்ணீர் குடிக்க இடைவேளையும் கொடுத்தால் கண்ணாடி கண்ணிலேயே இருக்கும்.

இனி நம் கடற்கரைக்கே உரிய சங்கதி. மதியம் லேத் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போகும். பிள்ளைகள் ‘ஓ’ என்று கத்திவிட்டு மெஷினை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்குப் போவார்கள். ஒருவன் மட்டும், சும்மாதானே நிற்கிறது என்று சக்கில் சிக்கிய சுருளைக் கையால் எடுக்கப் போவான். கரண்ட் வரும். பழைய பாணி மெயின் சுவிட்சிலிருந்து நேரடியாக மோட்டாருக்குக் கம்பி போயிருந்தால், மெஷின் விட்ட இடத்திலிருந்து ஓடத் தொடங்கும்.

இதற்குத்தான் பச்சை சிவப்புப் பொத்தான் வைத்த ஸ்டார்ட்டர். பச்சையை அமுக்கினால் உள்ளே ஒரு கம்பிச் சுருள் காந்தமாகி, தொடுமுனைகளை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மின்சாரம் போன மாத்திரத்தில் காந்தம் விட்டுவிடும், தொடுமுனை விலகிவிடும். கரண்ட் திரும்பி வந்தாலும் ஒருவர் வந்து பச்சையை அமுக்கினால்தான் ஓடும். கிராமத்துப் பிள்ளைகளுக்கு இந்த இடத்தில் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வயலில் இதற்கு நேர் எதிரான ஏற்பாடு. நடுராத்திரியில் மும்முனை மின்சாரம் வரும்போது தானாக பம்புசெட் ஓட வேண்டும் என்று அப்பா ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டிருப்பார். கெட்டிக்காரப் பையன் அதைப் பார்த்துப் பழகியிருப்பான், பட்டறையிலும் செய்துகாட்ட நினைப்பான். மோட்டார் கொட்டகையில் வசதியாக இருப்பது, கைகள் நடமாடும் இடத்தில் கொடுமையாகிவிடும்.

அப்புறம் புயல். 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல், கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. 2015 நவம்பரில் வெள்ளம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த சில நாட்களில் சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணை ஊருக்குள் வந்தது. தண்ணீர் வடிந்து பள்ளி திறந்ததும் எல்லோருக்கும் வரும் ஆசை, மெஷின் ஓடுகிறதா என்று சுவிட்சைப் போட்டுப் பார்ப்பது. தயவுசெய்து போடாதீர்கள். நனைந்த மோட்டாரின் சுருள் கம்பிக்கும் இரும்பு உடம்புக்கும் நடுவில் இருக்கும் காப்பு பலவீனமாகியிருக்கும். சுவிட்ச் போட்டால் மோட்டார் எரியலாம், அல்லது லேத்தின் முழு உடம்புக்கும் மின்சாரம் வரலாம். மின் பணியாளரைக் கூப்பிட்டு காப்பைச் சோதிக்கும் கருவியான 500 வோல்ட் மெக்கர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். குறைந்தது ஒரு மெகா ஓம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் மோட்டாரைக் கழற்றிக் காயவைத்து மறுபடி பார்க்க வேண்டும்.

வெள்ளம் வராத ஆண்டிலும் கடல் காற்று தன் வேலையைச் செய்துகொண்டேதான் இருக்கிறது. கடலூரில் தேவனாம்பட்டினம், முதுநகர், புதுச்சேரியில் வைத்திக்குப்பம் பக்கமெல்லாம் உப்புக் காற்றில் எர்த் கம்பியின் இணைப்பு இரண்டே ஆண்டில் பச்சை பூத்து இற்றுவிடும். வெளியே பார்த்தால் கம்பி இருக்கும், உள்ளே தொடர்பு இருக்காது. ஆண்டுக்கு ஒரு முறை ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது எர்த்தைச் சோதிப்பதும், கைக்கருவிகளுக்கான இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே டிரிப் ஆகும் சுவிட்ச் போடுவதும் இந்தக் கடற்கரையில் கட்டாயம் என்றே சொல்வேன்.

பிள்ளைகளுக்குக் காயம்படுவது வெட்டும்போதுதான் என்று பொதுவாக நினைக்கிறோம். என் அனுபவத்தில் துடைக்கும்போதுதான் அதிகம். வேலை முடிந்தது, மணி அடிக்கப் போகிறது, மெஷினைத் துடைத்துவிட்டு ஓட வேண்டும். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே திருப்பூர் பனியன் வேஸ்ட்டை வைத்து சக்கைத் துடைப்பார்கள். பனியன் துணி நீளும், கிழியாது. விரலைச் சுற்றிப் பிடித்திருந்தால் விரலோடு இழுக்கும். சுருளாக வரும் சீவலையும் கையால் இழுக்கக் கூடாது, அது கத்தி. ஒரு கொக்கிக் கம்பியும் ஒரு தூரிகையும் ஒவ்வொரு லேத்திலும் தொங்க வேண்டும். சீவலை அவற்றால்தான் எடுக்க வேண்டும், அதுவும் மெஷின் நின்ற பிறகு. சுவிட்சை அணைத்த பிறகும் சுற்றிக்கொண்டிருக்கும் சக்கைக் கையால் அழுத்தி நிறுத்துகிற பழக்கமும் இந்தக் கடைசி ஐந்து நிமிட அவசரத்தில் வருவதுதான். அதனால் நாங்கள் மணி அடிப்பதற்குப் பதினைந்து நிமிடம் முன்பே மெயினை இறக்கிவிட்டு, அதன் பிறகுதான் துடைக்கச் சொன்னோம்.

இது பழைய அறிவு. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் தன் 22ஆவது பிரிவில், 18 வயது நிரம்பாதவர் ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தின் விசையைக் கடத்தும் பெல்ட், தண்டு போன்ற இயக்கப் பகுதிகளைத் துடைக்கவோ எண்ணெய் போடவோ சரிசெய்யவோ கூடாது என்று தடுத்தது. 23ஆவது பிரிவு, ஆபத்தான இயந்திரத்தில் இளையவர் வேலை செய்ய வேண்டுமானால் அதன் ஆபத்துகளை முழுமையாகச் சொல்லித்தந்திருக்க வேண்டும், போதிய பயிற்சியோ தெரிந்தவரின் மேற்பார்வையோ இருக்க வேண்டும் என்றது. பள்ளிப் பட்டறையைத் தொழிற்சாலைக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. ஆனால் விரலுக்கு அந்த வித்தியாசம் தெரியாதே. கூலிக்கு வேலை செய்யும் பதினேழு வயதுப் பையனுக்குச் சட்டம் கொடுத்த பாதுகாப்பு, படிக்க வந்த பதினேழு வயதுப் பையனுக்குக் குறையக் கூடாது.

தேசியப் பாதுகாப்பு நாள் மார்ச் 4 அன்று வருகிறது. 1966இல் அதே நாளில் தேசியப் பாதுகாப்பு மன்றம் தொடங்கப்பட்டதன் நினைவாக. ஆலைகளில் அன்று உறுதிமொழி எடுக்கிறார்கள். பள்ளிகளுக்கோ அது பொதுத்தேர்வுக் காலம், பட்டறை பூட்டிக் கிடக்கும். என்னைக் கேட்டால், நம் பள்ளிகளுக்குரிய பாதுகாப்பு நாள் ஆயுத பூஜை. அன்றைக்குத்தான் மூலைமுடுக்கெல்லாம் துடைக்கப்படுகிறது. அன்றைக்கே தலை விரிந்த உளியையும் கைப்பிடி ஆடும் சுத்தியையும் காம்பு இல்லாத அரத்தையும் தனியே எடுத்து வைத்துவிடலாம். போல்ட் காணாத மூடியைத் தேடலாம். ஒரே ஒரு வேண்டுகோள். சக்குக்கு மாலை போட்டுவிட்டு, சாமிக்கு ஒரு சுற்று ஓட்டிக் காட்டுகிறோம் என்று சுவிட்சைப் போடும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. மாலையை மெஷினின் படுக்கைமேல் வையுங்கள், அல்லது மெயினை இறக்கி ஃபியூஸை எடுத்த பிறகு போடுங்கள். குங்குமப் பொட்டு போதும், அது எதிலும் சிக்காது.

கூட்டம் அடுத்த பிரச்சினை. நான்கு லேத், முப்பது பிள்ளைகள், ஒரு ஆசிரியர். ஒருவன் கடைந்தால் ஆறு பேர் தோளில் சாய்ந்து பார்ப்பார்கள். பின்னாலிருந்து ஒரு தள்ளு போதும். ஒவ்வொரு மெஷினையும் சுற்றி ஒரு மீட்டரில் மஞ்சள் கோடு அடித்து, கோட்டுக்குள் ஓட்டுகிறவர் ஒருவர் மட்டும் என்று வைத்ததும் என் பட்டறையில் சத்தமே பாதி குறைந்தது. கோட்டுக்குள் இருப்பவரிடம் யாரும் பேசக் கூடாது, கூப்பிடக் கூடாது. என்னை யார் கூப்பிட்டார்கள் என்று நினைவிருக்கிறதா? அவன்மேல் தப்பில்லை, கூப்பிடக் கூடாது என்று யாரும் அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை.

ஐ.டி.ஐ.யில் பிட்டரோ டர்னரோ படித்தால் இரண்டு ஆண்டுகள், முதல் பாடமே பாதுகாப்பு. சொல்லித்தருகிறவரும் அதே தொழில் தெரிந்தவர். இப்போது நிலைமை விரிந்திருக்கிறது. 2016இல் தொடங்கிய அடல் டிங்கரிங் லேப், அதாவது மத்திய அரசுத் திட்டத்தில் பள்ளிக்குள் அமையும் செய்முறைக்கூடம், ஆறாம் வகுப்புப் பிள்ளையின் கைக்கே சால்டரிங் இரும்பையும் டிரில்லையும் கொண்டுவந்திருக்கிறது. 2020 கல்விக் கொள்கை ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை பத்து நாள் புத்தகப் பை இல்லாமல் தச்சர், குயவர் போன்றவர்களிடம் போய்ப் பழகச் சொல்கிறது. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் மத்தியப் பாடத்திட்டத்துக்கு மாறிய பிறகு அங்கேயும் இந்தப் பேச்சு வந்துவிட்டது. நான் இதை வரவேற்கிறவன். கையால் ஒன்றைச் செய்து பார்க்காத படிப்பு அரைப் படிப்பு என்று நம்புகிறவன். ஆனால் லேபைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் அறிவியல் ஆசிரியர். அவருக்கு மெஷின் பழக்கமில்லை. அருகிலுள்ள ஐ.டி.ஐ. பயிற்றுநர் ஒருவரை ஆண்டுக்கு இரண்டு நாள் அழைத்துவந்து லேபைச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். அவர் கண்ணில் படுவது உங்கள் கண்ணில் படாது.

இவ்வளவுக்குப் பிறகும் ஏதாவது நடந்துவிட்டால்? யாராவது சிக்கிக்கொண்டால் முதலில் மெயின். மெயின் எங்கே என்று பட்டறையிலுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் கண்ணை மூடிக்கொண்டு போகத் தெரிந்திருக்க வேண்டும். மோட்டாரைத் திருப்பி ஓட்டி விடுவிக்கப் பார்க்கக் கூடாது, இரட்டைக் காயமாகும். துணியை வெட்டி, சக்கைக் கையால் மெல்லத் திருப்பித்தான் எடுக்க வேண்டும். ரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி, 108ஐக் கூப்பிடுங்கள். விரல் துண்டாகியிருந்தால் அதைத் தேடி எடுத்து, சுத்தமான தண்ணீரில் மேலே உள்ள அழுக்கை மட்டும் போக்கி, ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணீரில் வையுங்கள். விரலை நேரடியாக ஐஸில் போட்டால் திசு உறைந்து வீணாகிவிடும். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை கடலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர்தான். சரியாகக் குளிர வைத்த விரலுக்குச் சில மணி நேரம் அவகாசம் உண்டு, பதறி ஓட்டிச் சாலையில் இன்னொரு விபத்தை உண்டாக்க வேண்டியதில்லை. கண்ணில் துகள் விழுந்தால் தேய்க்க விடாதீர்கள். குத்தி நிற்பதைப் பிடுங்காதீர்கள். ஒரு காகிதக் கோப்பையைக் கண்மேல் அழுத்தாமல் கவிழ்த்து ஒட்டிக்கொண்டு கிளம்பலாம். கடலூர்–புதுச்சேரி சாலையிலேயே தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது.

சக் கீக்கு வருகிறேன். இப்போது அதன் முனையில் ஒரு ஸ்பிரிங் வைத்துக் கிடைக்கிறது. கையை எடுத்தால் சாவி சக்கில் நிற்காது, தானாக வெளியே தள்ளப்பட்டுக் கீழே விழும். பழைய சாவிக்கும் லேத் பட்டறைக்காரர் யாரிடமாவது கேட்டால் போட்டுத் தருவார். அதைவிட நல்லது, சாவியை மாட்ட ஒரு தாங்கி அடித்து அதற்குள் சின்ன சுவிட்ச் வைத்து ஸ்டார்ட்டரோடு இணைப்பது. சாவி தாங்கியில் உட்கார்ந்திருந்தால்தான் பச்சைப் பொத்தான் வேலை செய்யும். பின்னாலிருந்து யார் கூப்பிட்டாலும், பையன் எதை நினைத்துக்கொண்டிருந்தாலும், சாவி சக்கில் இருக்கும்போது அந்த லேத் ஓடாது. நான் கடைசியாக வேலை பார்த்த பட்டறையில் நான்கு லேத்திலும் அப்படித்தான்.

அதே பட்டறையில் கதவுப் பக்கத்து ஆணியில், டேக்குகளுக்கு அருகில், ஒரு நாற்பது பக்க நோட்டையும் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். மேலே ‘தப்பியது’ என்று எழுதியிருக்கும். காயம் படவில்லை, ஆனால் பட்டிருக்கும் என்று தோன்றிய எதையும் யார் வேண்டுமானாலும் எழுதலாம். பெயர் வேண்டாம், திட்டு கிடையாது. முதல் பக்கத்தில் என் சாவிக் கதையை நானே எழுதி வைத்தேன். முதல் மாதம் ஒருவரும் எழுதவில்லை. இரண்டாம் மாதம் பென்சிலில், குண்டு குண்டான எழுத்தில் ஒரு வரி வந்தது. “டிரில்லிங் மெஷின் பெல்ட் மூடியில் பின்பக்க போல்ட் இல்லை, பேப்பரை மடித்துச் செருகி வைத்திருக்கிறது.” அன்று சாயங்காலம் போய்ப் பார்த்தேன். பேப்பர்தான் இருந்தது. கணக்கு நோட்டின் ஒரு தாள், எட்டாக மடித்தது.